பழைய பிக்கப்புக்கு சைலன்சர் வாங்கப் போகிறீர்களா? முதலில் வாகனத்துக்கு அடியில் போய் அளவெடுங்கள்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் சைலன்சர் போய்விட்டது என்று தெரிந்ததும் செய்யும் முதல் வேலை நேரே கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவதுதான். அங்கே போய் "ஹைலக்ஸுக்கு சைலன்சர் இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், பொய் இல்லை, உண்மையிலேயே பல விதமாக இருக்கும். அதில் எது உங்கள் வாகனத்துக்கு என்பதுதான் பிரச்சினை. ஹைலக்ஸ் என்ற ஒரே பெயரில் 2446 சிசி 2எல் எஞ்சின் போட்டதும் இருக்கிறது, 2779 சிசி 3எல் எஞ்சின் போட்டதும் இருக்கிறது, டூ வீல், ஃபோர் வீல், சிங்கிள் கேப், டபுள் கேப் என்று ஒவ்வொன்றிலும் குழாய் போகிற பாதை மாறும், போதாததற்கு இருபது முப்பது வருடத்தில் யாரோ ஒரு பாஸ் (கராஜ் மெக்கானிக்) நடுவில் வெட்டி வேறு குழாய் ஒட்டியிருப்பார். நிசான், எல்200, இசுசு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கடைக்குப் போகுமுன் உங்கள் வாகனத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதை நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் அதற்குப் பிறகு சுலபம்.

நம் இலங்கையில் இந்த வாகனங்களை அவ்வளவு சீக்கிரம் யாரும் விடப்போவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஆக, தொண்ணூறுகளில் வந்த கேப் (பிக்கப்பைத்தான் சொல்கிறேன்) இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சாமான் வாங்க வேண்டும்.

சரி, முதலில் பழுது சைலன்சரில்தானா என்று உறுதி செய்யுங்கள். சத்தம் கூடியதும் சைலன்சர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம், ஆனால் அதே சத்தம், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மெனிஃபோல்டின் கஸ்கட் போனாலும் வரும், முன் குழாயை போல்ட் போட்டு இணைக்கும் ஃப்ளேஞ்சில் கஸ்கட் எரிந்தாலும் வரும், அந்த கஸ்கட் ஒன்றின் விலை சைலன்சர் விலைக்குப் பக்கத்திலேயே வராது. வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. காலையில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவரை எஞ்சின் பக்கம் நிற்க வைத்துவிட்டு, தடித்த துணியை நாலைந்து மடிப்பாக மடித்து பின் குழாய் வாயை சில விநாடி பொத்துங்கள். ஓட்டை இல்லாத குழாய் என்றால் துணியை வெளியே தள்ளும், எஞ்சின் திணறும். ஓட்டை இருந்தால் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து 'உஸ்' என்று சத்தம் வரும், அந்த இடத்தில் கறுப்பாகக் கரி படிந்தும் இருக்கும். குளிரில் 'டிக் டிக்' என்று அடித்து, எஞ்சின் சூடானதும் அந்தச் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் மெனிஃபோல்ட் பக்கம்தான், ஏனென்றால் சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது.

அடுத்தது சைலன்சர் உடம்பு. சூடு ஆறியபின் றப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். உள்ளே தகர டப்பாவில் கல் உருளுகிற மாதிரி கேட்டால் உள்தகடு கழன்றுவிட்டது, வெளியே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் கதை முடிந்தது. கழன்ற தகடு போய் வெளிவாயை மறைத்துக்கொண்டால் வாகனம் இழுக்காது, ஏற்றத்தில் மூச்சு வாங்கும், புகை கூடும், சிலர் அதற்குப் போய் பம்பைத் திறந்து இன்ஜெக்டரை மாற்றிக் காசைக் கொட்டுகிறார்கள். பிறகு ஒரு பழைய ஸ்குரூட்ரைவரை எடுத்து அடிப்பக்கத்திலும், மூடித் தகடு உடம்போடு சேரும் விளிம்பிலும் அமத்திப் பாருங்கள். நுனி உள்ளே போனால் மாற்றத்தான் வேண்டும். இதற்காக வாகனத்துக்கு அடியில் போகும்போது ஜக்கை மட்டும் நம்பிப் போகவே வேண்டாம், ஸ்டாண்ட் வைத்து, சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏன் எப்போதும் அடிப்பக்கத்தில் போகிறது? சைலன்சர் வெளியிலிருந்து கறள் பிடிப்பதைவிட உள்ளிருந்து பிடிப்பதுதான் அதிகம். ஒரு லீற்றர் பெற்றோலோ டீசலோ எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அந்த ஆவி வெளியே போய்விடும். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு என்று காலி வீதி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நிறுத்தி ஓடும் வாகனத்தில் சைலன்சர் முழுதாகச் சூடாவதே இல்லை, ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்கி, டீசலில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. சுப்பர் டீசலைவிட சாதாரண ஓட்டோ டீசலில் கந்தகம் கூட, பழைய கேப்களில் பெரும்பாலானவை ஓடுவது அதில்தான். வெளியிலிருந்து கடற்காற்று வேறு தன் வேலையைச் செய்கிறது. அதனால்தான் ஓட்டைக்கு மேல் தகடு வைத்து வெல்டிங் செய்தால் அது அதிக நாள் நிற்பதில்லை, ஒட்டிய தகட்டைச் சுற்றியுள்ள இரும்பே ஏற்கனவே பேப்பர் மாதிரி ஆகியிருக்கும். குழாயில் வெடிப்பு என்றால் வெல்டிங் சரி. சைலன்சர் உடம்பில் உள்ளிருந்து வந்த ஓட்டைக்கு வெல்டிங் வீண்.

இனி அளவெடுப்பது. இதற்கு வேண்டியது ஒரு நூல், ஒரு மீட்டர் டேப், பேனை, கைபேசி. குழாயின் விட்டத்தைக் கண்ணால் மதிப்பிடவே வேண்டாம், கறளும் மண்ணும் அப்பிய குழாய் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். சைலன்சருக்குள் போகும் குழாயை வயர் பிரஷால் ஒரு இடத்தில் சுத்தம் செய்து, நூலை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் பேனையால் குறித்து, நீட்டி அளக்கவும். சுமார் 140 மில்லிமீட்டர் வந்தால் அது ஒன்றே முக்கால் அங்குலக் குழாய். 160 என்றால் இரண்டு அங்குலம், 180 என்றால் இரண்டேகால், 200 என்றால் இரண்டரை. இது வெளி விட்டம். கடையில் இருக்கும் சைலன்சரின் வாய், குழாய்க்கு மேலே ஏறுகிற மாதிரியா குழாய்க்குள்ளே நுழைகிற மாதிரியா என்பதைப் பொறுத்து வாயின் உள் விட்டமா வெளி விட்டமா பொருந்த வேண்டும் என்பது மாறும், அதனால் குறிப்பில் 'வெளி விட்டம்' என்று தெளிவாக எழுதுங்கள். உள்வாய்க் குழாயும் வெளிவாய்க் குழாயும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

அப்புறம் உடம்பின் நீளம், அகலம், உயரம். இதில் இரண்டு நீளம் இருக்கிறது: மூடிக்கு மூடி உள்ள உடம்பு நீளம், இரு பக்கக் குழாயையும் சேர்த்த மொத்த நீளம். கடைக்காரர் ஒன்றைச் சொல்லும்போது நீங்கள் மற்றதை நினைத்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது பொருந்தாது. அதைவிட முக்கியம் வாய்கள் இருக்கும் இடம். எஞ்சின் பக்கமிருந்து சைலன்சரைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, உள்வாய் நடுவிலா, இடது ஓரத்திலா, வலது ஓரத்திலா என்று எழுதுங்கள், வெளிவாயையும் அதே பக்கமிருந்து பார்த்தே எழுதுங்கள். பார்க்கும் பக்கத்தை மாற்றினால் இடம் வலமாகிவிடும். நாலு பக்கமும் படம் எடுங்கள், டேப் பக்கத்தில் தெரிகிற மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது. கொக்கிகள் எங்கே தொங்குகின்றன என்பதும் படத்தில் வர வேண்டும்.

பக்கத்தில் எது எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள், பிக்கப்களில் அடியில் தொங்கும் ஸ்பெயார் சில்லு, இவற்றுக்கும் சைலன்சருக்கும் இடையில் பழையதற்கு எவ்வளவு இடைவெளி இருந்ததோ அதற்குக் குறையாமல் புதியதற்கும் இருக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலாகப் போகும் குழாயில் இன்னொரு விஷயம்: வெறும் வாகனத்தில் பார்க்கும்போது கை போகும் அளவு இடம் தெரியும், பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி மூட்டைகளை ஏற்றியதும் வில் தகடுகள் படிந்து அச்சு மேலே வந்து குழாயில் இடிக்கும். கராஜில் சும்மா நிற்கும் வாகனத்தைப் பார்த்துக் குழாய் வளைக்கிற பாஸிடம் இதை நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஒரிஜினல் இலக்கம் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. டொயோட்டாவில் முன் குழாயின் இலக்கம் 17410 என்றும், நடுக் குழாய் 17420 என்றும், பின் குழாய் 17430 என்றும் தொடங்கும், அதற்குப் பின்னால் வரும் ஐந்து இலக்கம்தான் எந்த எஞ்சின், எந்த மொடல் என்பதைச் சொல்லும். நிசானில் பிரதான சைலன்சர் 20100 என்று தொடங்கும். சேசி இலக்கத்தைக் கொடுத்தால் பார்ட்ஸ் கடைகளில் கம்ப்யூட்டரில் தேடி முழு இலக்கத்தையும் எடுத்துத் தருவார்கள். ஜெனுயின் வாங்காவிட்டாலும் அந்த இலக்கத்தை வைத்து மற்றக் கம்பனிகளின் சாமானைத் தேடலாம்.

இனி சைலன்சரின் உள்ளே. வெளியே எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு உருளைதான், ஆனால் உள்ளே இரண்டு அடிப்படை வகை. ஒன்றில் தகடுகளால் பிரித்த அறைகள், புகை ஒரு அறையிலிருந்து குழாய் வழியாக இன்னொரு அறைக்குப் போய், திரும்பி, மறுபடி போய் வெளியே வரும், அந்தப் போக்குவரத்தில் சத்த அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும். மற்றதில் நடுவே நேராக ஒரு துளைக் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, சத்தத்தைப் பஞ்சு உறிஞ்சும். ஒரு பக்கமிருந்து டோர்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் நேராகத் தெரிந்தால் அது இரண்டாவது வகை.

பழைய டீசல் பிக்கப்புக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காரணம் இரண்டு. பழைய டீசல் கரி கக்கும், அந்தக் கரியும் எண்ணெயும் பஞ்சில் ஏறி அடைத்துக்கொண்டால் பஞ்சு உறிஞ்சுவதை நிறுத்திவிடும், புதிதாக இருந்தபோது நன்றாக இருந்த சைலன்சர் கொஞ்ச நாளில் அலறத் தொடங்குவது இதனால்தான். இரண்டாவது, பஞ்சு அடக்குவது கீச்சுச் சத்தத்தை, டீசலின் பிரச்சினை அடித்தொண்டைச் சத்தம். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் விநாடிக்கு சுமார் 67 வெடிப்பு. அந்தக் கனத்த அதிர்வு கேபினுக்குள் வந்து தலையை இடிக்கும், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை அதோடு ஓடினால் இறங்கியபின்னும் காதில் ரீங்காரம் நிற்காது. அந்தக் கனத்த சத்தத்தை அடக்க அறைகளும், உடம்பின் கொள்ளளவும் வேண்டும். 2.8 லீற்றர் எஞ்சினுக்கு மோட்டார் சைக்கிள் அளவு டப்பா ஒன்றைப் போட்டால் எந்தக் கம்பனி பெயர் ஒட்டியிருந்தாலும் அமைதி வராது. சந்தேகம் வந்தால் பெரிய உடம்பையே எடுங்கள், அடியில் இடம் இருக்கும்வரை.

கடைகளில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு பேச்சு: "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும், இல்லாட்டி பவர் போயிடும்." பேக் பிரஷர் என்பது புகை வெளியேறுவதற்கு எதிராக வரும் அழுத்தம். எந்த எஞ்சினுக்கும் அது தேவையில்லை, புகை வெளியே போகத் தடை இருந்தால் அது நட்டம்தான். ஆனால் குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைகிறது, வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் இருப்பதை இழுத்துக்கொண்டு போகும் அந்த உதவி குறைவதால் கீழ் சுற்றுகளில் இழுவை கொஞ்சம் மந்தமாகலாம், சத்தமோ நிச்சயம் கூடும். டேர்போ இல்லாத பழைய டீசலுக்குக் கம்பனி போட்ட விட்டமே சரி. டேர்போ எஞ்சின் மாற்றிப் போட்டிருந்தால் மட்டும் அரை அங்குலம் வரை கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் டேர்போவுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதுவும் சைலன்சரை மட்டும் பெரிதாக்கிவிட்டு முன் குழாயைச் சின்னதாக விட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இரும்பு விஷயத்துக்கு வருவோம், காசு போக வேண்டிய இடம் இதுதான். சாதாரண இரும்புத் தகட்டில் கறுப்புப் பெயின்ட் அடித்து வருவதுதான் மிக மலிவு, கொழும்புக் காற்றுக்கும் மழைக்கும் சீக்கிரம் போய்விடும். அடுத்தது அலுமினியப் பூச்சு ஏற்றிய இரும்பு, மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறம், பூச்சு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால் விலைக்குத் தகுந்த ஆயுள். அதற்கு மேல் 409 என்ற ஸ்டெயின்லெஸ், சுமார் 11 சதவீதம் குரோமியம் உள்ளது, வாகனக் கம்பனிகள் பாவிப்பது பெரும்பாலும் இது, மேலே பழுப்பாகக் கறள் நிறம் வரும் ஆனால் சீக்கிரம் அரித்துப் போகாது. உச்சத்தில் 304, சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும், கறள் பிடிப்பது மிகக் குறைவு, விலையும் அப்படி.

ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இது 304 ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லிக் காட்டும் சாமானில் காந்தம் நன்றாக இழுத்துப் பிடித்தால் அது 304 இல்லை, வளைத்த இடங்களில் லேசாகப் பிடிப்பது மட்டும் இயல்பு. அதே நேரம் காந்தம் பிடிக்கிறது என்பதற்காக 409ஐ 'இது ஸ்டெயின்லெஸ்ஸே இல்லை' என்று ஒதுக்கவும் வேண்டாம், அது காந்தம் பிடிக்கும் வகைதான். தகட்டின் கனத்தையும் கேளுங்கள். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் என்றால் சுமார் 1.6. ஒரே அளவுள்ள இரண்டு சைலன்சரைக் கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், கனமானதில் உள்தகடும் கூடுதலாக இருக்கும். வாய்க்குள் விரலை விட்டு உள்குழாய் மூடியோடு சேரும் இடத்தில் வெல்டிங் முழுச் சுற்றாக ஓடியிருக்கிறதா, நாலு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். புள்ளி வைத்ததுதான் பிறகு கழன்று உருளும். பழைய கேப்புக்கு என் தேர்வு அலுமினியப் பூச்சு அல்லது 409. 304க்குக் கொடுக்கும் மேலதிகக் காசை கஸ்கட், றப்பர், நல்ல வெல்டிங் என்று செலவழித்தால் வாகனத்துக்கு நல்லது.

பஞ்சிகாவத்தையில் மூன்று வழி இருக்கிறது. புதிய சாமான், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான், அளவு கொடுத்துச் செய்விப்பது. பாவித்த ஒரிஜினலைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள், பொருந்துவதில் அதற்கு நிகர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள், அங்கே ஓடிய வாகனத்தின் அடிப்பக்கம் நம் கடற்கரை வாகனத்தைவிட மோசமாக இருக்கலாம். அதனால் மேலே சொன்ன தட்டு, ஸ்குரூட்ரைவர் பரீட்சை எல்லாம் கடையிலேயே செய்ய வேண்டும். புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள், பெயின்டுக்கு அடியில் கறள் பொருக்கு விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். "நானா, இது உள்ளுக்குத் தகடா பஞ்சா? பொருந்தாட்டி மாத்தித் தருவீங்களா?" என்று நேராகக் கேளுங்கள், மாற்றித் தருவதாகச் சொன்னால் அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய சைலன்சரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோக முடிந்தால் அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

செய்விப்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நல்ல கை உள்ள பாஸ் கிடைத்தால் பழைய மொடல்களுக்கு அதுதான் சில வேளை ஒரே வழி. ஆனால் இரண்டு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் நாகம் (சிங்க்) பூசிய ஜீஐ குழாயை வைத்து வேலையை முடிக்க விடவேண்டாம், அதை வெல்டிங் செய்யும்போது வரும் நாகப் புகை வெல்டிங் செய்கிறவருக்கே காய்ச்சலைக் கொடுக்கும், சூட்டில் பூச்சும் நிற்காது. மற்றது உள்ளே என்ன போடுகிறார் என்பதை மூடியை ஒட்டுமுன் பார்க்க வேண்டும். எத்தனை அறை, துளைக் குழாயா வெறும் குழாயா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடச் சொல்ல வேண்டும்.

பொருத்தும் அன்று. முதல் நாள் இரவே ஃப்ளேஞ்ச் நட்களில் கறள் இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், போல்ட் உடைவது பாதி குறையும். வெல்டிங் தொடங்குமுன் பெற்றரியின் நெகடிவ் முனையைக் கழற்ற வேண்டும், வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடிப்போய் ஓல்டர்னேட்டரையோ பேரிங்கையோ பதம் பார்க்கும். டீசல் டேங்க் பக்கத்தில் கசிவு ஈரம் தெரிந்தால் அங்கே நெருப்பு வேலையே கூடாது, குழாயைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, வாகனத்தை இறக்கி, எஞ்சினை ஓட விட்டு, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகு முழு வெல்டிங்.

தொங்கும் றப்பர்களைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். இந்தச் சின்னச் சாமானில் மிச்சம் பிடித்துக் கம்பியால் கட்டிவிடுவதை எத்தனையோ கராஜில் பார்க்கலாம், எஞ்சின் ஆடும்போது குழாயும் கூட ஆட இடம் இல்லாவிட்டால் அந்த அடி நேரே மெனிஃபோல்ட் பக்கத்து வெல்டிங்கில் விழுந்து அங்கே வெடிக்கும். குழாய் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வெடிக்கிறது என்றால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். சைலன்சரின் பின்பக்கத்தை வெல்டிங் செய்யாமல் கிளாம்ப் போட்டு வைத்தால் அடுத்த தடவை வெட்டாமலே கழற்றலாம். ஃப்ளேஞ்ச் கஸ்கட் எப்போதும் புதிது, நட்டும் புதிது. அலுமினியப் பூச்சு இரும்பில் வெல்டிங் ஓடிய இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே சூடு தாங்கும் பெயின்ட் அடிக்காவிட்டால் கறள் முதலில் அங்கேதான் பிடிக்கும். சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை இருந்தால் அது பழுது இல்லை, தேங்கும் தண்ணீர் வடிவதற்காகக் கம்பனி வைத்தது. அதை யாரும் "சரி செய்து" அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொருத்தும்போது துளை கீழ்ப்பக்கம் வர வேண்டும்.

பின் குழாய் எங்கே முடிகிறது என்பதில் அலட்சியம் வேண்டாம், இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். குழாயை நடுவிலேயே வெட்டி பெட்டிக்கு அடியில் முடித்துவிடும் வாகனங்கள் ஓடுகின்றன. பின்னால் படங்குக் கூடாரம் போட்டு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தப் புகை முழுவதும் அவர்கள் இருக்கும் இடத்துக்குள் சுழன்று வரும், தரைத் தகட்டில் கறள் ஓட்டை இருந்தால் முன்னால் இருப்பவர்களுக்கும் வரும். காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை இல்லை, தலைவலி, வாந்தி, மயக்கம் என்றுதான் தொடங்கும், பயணக் களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். பெற்றோல் எஞ்சினில் ஆபத்து கூட, டீசலில் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. குழாய் வாய் வாகனத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தே ஆக வேண்டும்.

புகைப் பரிசோதனை பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பு பலரிடம் இருக்கிறது. 2008இல் தொடங்கிய இந்தப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்துக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது, அதனால் டெஸ்டில் ஃபெயில் ஆனதும் சைலன்சரை மாற்றப் போகிறார்கள். டீசலுக்கு அங்கே அளப்பது எக்ஸிலேட்டரை அமத்தும்போது வரும் புகையின் கறுப்பை. அந்தக் கறுப்பு உருவாவது எஞ்சினுக்குள், காரணம் இன்ஜெக்டர், பம்ப் செட்டிங், அடைத்த எயார் ஃபில்டர். புதுச் சைலன்சர் அதைச் சுத்தம் செய்யாது. சைலன்சர் அடைபட்டிருந்தால் மட்டும்தான் மாற்றியதும் வித்தியாசம் தெரியும். குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவும் சரியாக வராது, ஆகவே ஓட்டையை முதலில் சரிசெய்துவிட்டுப் போங்கள். போகுமுன் நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போனால் குழாயில் ஒட்டியிருக்கும் பழைய கரி டெஸ்டில் வந்து விழாது. பெற்றோல் பிக்கப்பில் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) இருந்தால் சைலன்சர் மாற்றும் சாக்கில் அதை வெட்டி எடுக்கச் சொல்பவரிடம் வேலை கொடுக்கவே வேண்டாம், அதற்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

சத்தம் போடும் சைலன்சரை வேண்டுமென்றே போடுபவர்களுக்கு: வீதியில் பொலிஸ் நிறுத்தினால் வாதாட எதுவும் இருக்காது, அதைவிட, விடியற்காலை நாலு மணிக்கு மட்டக்குளியின் ஒடுக்கமான ஒழுங்கையில் அந்தச் சத்தத்தோடு ஸ்டார்ட் செய்யும்போது தூங்குகிற குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். வேலைக்கு ஓடும் வாகனம் சத்தமில்லாமல் ஓடட்டும்.

போட்ட முதல் நாள் பெயின்ட் எரிந்து கொஞ்சம் வாடையும் வெள்ளைப் புகையும் வரும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் ஓடியபின், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஃப்ளேஞ்ச் நட்டையும் கிளாம்பையும் ஒரு முறை இறுக்குங்கள், புதுக் கஸ்கட் சூட்டில் அமர்ந்ததும் நட் இளகியிருக்கும். வெள்ளத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் அன்றே அரை மணி நேரமாவது நிறுத்தாமல் ஓட்டி உள்ளே உள்ள ஈரத்தை விரட்டிவிடுங்கள். கிட்டக் கிட்ட மட்டும் ஓடுகிற வாகனத்துக்கும் வாரம் ஒரு தடவை அதே நீண்ட ஓட்டம் கொடுத்தால் நல்லது.